சத்தம் போடாத மசாஜ் மெஷின்

பூங்கோதை வீட்டில் இப்போது எதுவுமே சத்தம் போடுவதில்லை. மிக்ஸி, ஃபேன், துணி துவைக்கிற மெஷின் எல்லாம் சத்தமில்லாத புது ரகமாகி வருஷக்கணக்காகிறது. அடுத்த அறையில் முணுமுணுத்தால்கூடக் கேட்டுவிடும். மனசில் இருப்பதை வாய்விட்டுச் சொல்ல வழியே இல்லை, பாவம். மிச்சம் இருந்தது பழைய மசாஜ் மெஷின் ஒன்றுதான். அது மாவு மில் மாதிரி இரையும்.

தினமும் சாயங்காலம் கணவர் சிதம்பரத்தின் தோளில் அதை வைத்து அழுத்தியபடியே, நாத்தனார் கனகவல்லியைத் திட்டித் தீர்ப்பாள். அவர் காதில் ஒன்றும் விழாது. அவருக்குத் தோள் லேசாகும், இவளுக்கு மனசு லேசாகும்.

கனகவல்லி வந்து தங்கியிருந்த நேரம் பார்த்து, பூங்கோதையின் மகள் புது மசாஜ் மெஷின் அனுப்பிவைத்தாள். அதைத் தோளில் வைத்து, கை அதிர்ந்ததும் பூங்கோதையின் வாய் வழக்கம்போலத் திறந்துகொண்டது.

“உங்க அக்கா வந்ததிலேர்ந்து ஒரு டம்ளரைக் கழுவினாளா? என் பச்சைப் பட்டுப்புடவையை வாங்கிட்டுப் போனவ இன்னும் திருப்பித் தரல. இதுல சாம்பார்ல உப்பு இல்லையாம்!”

சிதம்பரம் மெல்லத் திரும்பினார். “கோதை, இந்த மெஷின்ல சத்தமே வரலியே.”

கூடத்திலிருந்து கனகவல்லி எழுந்து வந்தாள். கையில் பழைய மெஷின்.

“பட்டுப்புடவை என் பெட்டியிலதான் இருக்கு, எடுத்துக்கோ. இப்ப திரும்பி உட்காரு, உனக்கு நான் பிடிச்சு விடுறேன். உன்னைப் பத்திப் பேச எனக்கும் நிறைய இருக்கு.”

மெஷின் இரைந்தது. நாத்தனார் என்னென்ன திட்டினாளோ, பூங்கோதைக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. தோள்வலி மட்டும் பறந்தே போய்விட்டது.