இருபது நிமிட நடை

குவைத்தில் மணி மூன்று. சூப்பர் மார்க்கெட் கிடங்கில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே நின்று, ஜெக்கரியா தன் மகள் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். போனில் ஒரு பச்சைக் கோடு ஏறி இறங்கும். அவனைப் பொறுத்தவரை அதுதான் மகள்.

எட்டு வயது ஹுமைராவுக்குச் சென்னையில் மாற்று இதயம் வைத்துப் பத்து மாதம் ஆகிறது. புது இதயம் பலப்பட வேண்டுமென்றால் பிள்ளையை உட்காரவே வைத்திருக்கக் கூடாது என்று சொல்லி, மணிக்கட்டில் கட்டிக்கொள்ள ஒரு பட்டையைக் கொடுத்திருந்தார்கள். தினமும் மாலை இருபது நிமிடம் வேக நடை. துடிப்பின் கணக்கு தானாகவே ஆஸ்பத்திரிக்கும் போகும், அப்பாவின் போனுக்கும் வரும்.

கீழ்வேளூரில் வீட்டுக் கொல்லையைத் தாண்டினால் வாய்க்கால். கரையோடு போய் மதகைத் தொட்டுத் திரும்பினால் இருபது நிமிடம் சரியாக இருக்கும். கோடு நின்றதும் அவன் வீட்டுக்கு போன் போட்டான்.

"நடந்தாச்சு மச்சான்," என்றாள் மனைவி மெஹராஜ், மூச்சு வாங்க.

"ஒனக்கு ஏன் இப்படி இரைக்குது?"

"ஒங்க மவ பின்னால ஒரு நாள் ஓடிப் பாருங்க, தெரியும்."

"மழை பேஞ்சு கரை வழுக்குமே. பாத்துக் கூட்டிட்டுப் போ. சரி, அவகிட்ட குடு."

"குர்ஆன் ஓத உக்காந்துட்டா. இப்பக் கூப்பிட்டா எல்லாத்தையும் மறுபடியும் மொதல்லேருந்து ஆரம்பிப்பா. அப்புறம் பேசுங்க."

அவள் குரலுக்குப் பின்னால் ஹுமைரா ஓதுவது கேட்டது. ஓர் இடத்திலும் மூச்சு முட்டவில்லை. போன வருடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாமல் தவித்த பிள்ளை. ஜெக்கரியாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

கொஞ்சமா பட்டார்கள்? பிள்ளைக்கு வந்தது இதயத் தசை வீங்கும் நோய், குடும்பத்தில் மற்றவர்களுக்கும் இருக்கலாம் என்று சொல்லி, பெற்றவர்கள் இருவரையும் நெஞ்சுக்கு எக்கோ ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். அவன் விமானம் ஏறும் முன்பே எடுத்துவிட்டான், ஒன்றும் இல்லை. பிள்ளை தேறட்டும் என்று மெஹராஜ் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள். இனி எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கிறது.

கால் மணி நேரத்தில் சென்னையிலிருந்து போன் வந்தது. ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பிரின்ஸி.

"சார், பாப்பாவோட ரெக்கார்டு பார்த்தேன். துடிப்பு சீரா இல்ல. முந்தாநேத்துலேருந்தே லேசா தப்புச்சு, இன்னிக்கு ரொம்ப அதிகம்."

"எதனால மேடம்?"

"புது இதயத்தை உடம்பு ஏத்துக்கலையோன்னு பயமா இருக்கு. இன்னிக்கே கிளம்பி வரச் சொல்லுங்க. வீட்டுல யாரும் போனை எடுக்கல."

ஜெக்கரியாவின் பாஸ்போர்ட் கம்பெனியின் பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டியின் சாவி முதலாளியிடம், முதலாளி வெளியூரில். பெற்ற பிள்ளைக்கு ஆபத்து என்றாலும் அவனால் முடிந்தது போனை அழுத்துவது ஒன்றுதான். ஏழாவது தடவை மெஹராஜ் எடுத்தாள்.

"எங்கடி போன?"

"செத்த நேரம் சாஞ்சிருந்தேன் மச்சான். என்ன?"

"புள்ளையத் தூக்கிக்கிட்டு ஒடனே கார் புடிச்சு மெட்ராஸ் போ. நடக்கையில அவளுக்குத் துடிப்பு தப்புதாம்."

மறுமுனையில் விசும்பல் கேட்டது.

"அவ நடக்கலீங்க மச்சான்."

"என்ன சொல்ற?"

"பட்டையக் கட்டிக்கிட்டு நான்தான் நடக்குறேன், ஒரு வாரமா. மதகுகிட்ட அன்னைக்கு வழுக்கி விழப் பாத்தா. அந்த நெஞ்சுத் தையலப் பாத்தாலே எனக்கு ஈரக்குலை நடுங்குது, எப்படி ஓட விடுவேன்? அவளுக்காக நாகூர் தர்காவுக்கு நான் நடந்து போய்த்தானே நேர்ச்சைய முடிச்சேன். அத அல்லாஹ் ஏத்துக்கலையா? அதான் இதையும் நானே நடந்துட்டேன்."

வேறு சமயமாக இருந்தால் அவளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பான். இப்போது "அல்ஹம்துலில்லாஹ்" என்றான், இரண்டு தடவை. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"போடி பைத்தியம். நாளையிலேருந்து புள்ளைய நடக்க விடு," என்று வைத்துவிட்டு, அந்தச் சிரிப்பு அடங்கும் முன்பே சென்னைக்குப் போட்டான்.

"மேடம், மன்னிச்சுக்குங்க. பாப்பாவுக்கு ஒண்ணுமில்ல. புள்ள விழுந்துடுமோன்னு பயந்துக்கிட்டு, என் பொஞ்சாதி பட்டையத் தன் கையில கட்டிக்கிட்டு நடந்திருக்கா. நீங்க பாத்தது அவளோட துடிப்பு."

பிரின்ஸி சிரிக்கவில்லை.

"சார், அந்த எக்கோ, உங்க வொய்ஃப் எடுத்துட்டாங்களா?"