ஏழு பேருக்கும் ஒரே கடிதம்

ஒமாஹா நகரத்துக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில், சிகிச்சைச் செலவை ஏற்பதா மறுப்பதா என்று முடிவுசெய்து கையெழுத்திடும் மார்லிஸ், மறுக்கப்பட்டவர்கள் அனுப்பிய ஏழு மேல்முறையீட்டுக் கடிதங்களை மேலாளர் கிளென் மேசையில் போட்டாள்.

"தினமும் மணியடிச்ச மாதிரி ஒரே நேரத்துக்கு வந்து ஒத்தைக் கண்ணைக் குடையுற தலைவலியாம். அது அடங்க வீட்டுக்கு ஆக்சிஜன் வேணுமாம். ஏழு கடிதத்துலயும் ஒரு வார்த்தை மாறல. எங்கேயோ உதைக்குது, கிளென்."

"நோயாளிங்க சங்கம் வச்சிருப்பாங்க."

"எப்படி எழுதினா நம்மால மறுக்க முடியாதுன்னு சங்கத்துக்கு எப்படித் தெரியும்? உள்ளாள் எவனோ சொல்லிக் கொடுக்கிறான். விசாரணைக்கு அனுப்பட்டுமா?"

கிளென் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டாகப் போகிறது. தினமும் இந்த நேரத்தில் அவர் காருக்குப் போய்விடுவார். குடிக்கத்தான் என்று ஆபீஸே பேசும், மார்லிஸும் பேசியிருக்கிறாள்.

"தாராளமா அனுப்பு. முதல்ல என்னோட கார் வரைக்கும் வா."

அங்கே போவதற்குள் அவருடைய இடது கண் மட்டும் சிவந்து நீர் கொட்டியது. காரின் பின் சீட்டில் பச்சை ஆக்சிஜன் சிலிண்டர். முகமூடியை எடுத்தார்.

"நானும் அந்தச் சங்கம்தான். எனக்கும் மூணு தடவை மறுத்தாங்க. நாலாவதா நான் எழுதி ஜெயிச்சதுதான் அந்தக் கடிதம்."

"நம்ம கம்பெனியிலயா? உங்களுக்கே யார் மறுத்தது?"

"நாமதான் பேரைப் பார்க்கிறதில்லையே, பாலிசி நம்பரைத்தானே பார்க்கிறோம்" என்றார் கிளென். "மூணுலயும் உன் கையெழுத்து."