மூன்று வெள்ளி வேலை

ஒரு பெண்ணின் முகத்தை வெளுக்க நான் மூன்று வெள்ளி வாங்குவேன். மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற படமென்றால் இரண்டரைக்கும் படியும்.

ஊசி போலச் சீவிய பென்சிலால் நெகட்டிவில் முகத்தின் மேல் இழைக்க வேண்டும். அதில் கறுப்பு ஏற ஏறக் காகிதத்தில் முகம் வெளுக்கும்.

படம் முதலில் உள்ளே போகட்டும், பெண் பின்னாலேயே போய்விடுவாள். சிராங்கூன் ரோட்டில் பாதிக் கல்யாணங்கள் இந்த விதிப்படி என் ஸ்டுடியோவிலிருந்து நடந்தவை.

அப்படி ஒரு படத்தைத்தான் மொந்தேரோ மேசைமேல் வைத்தார். பக்கத்தில் அவர் மகள் பிலோமினா நின்றாள்.

மொந்தேரோ துறைமுகக் குமாஸ்தா, போர்ச்சுகீசியர். நானூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் மலாக்காவில் கப்பலிலிருந்து இறங்கியவர்களின் வாரிசு. நம்பாதவர்களுக்கு ஞானஸ்நானச் சீட்டுகளை எடுத்துக் காட்டுவார். தம்பி மக்காவோவில் பாங்கு மேனேஜர், சித்தப்பா லிஸ்பனில் டாக்டர், மச்சானுக்குப் பெர்த்தில் செங்கல் வீடும் காரும். உலகத்தில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு மொந்தேரோ நாற்காலியில் உட்கார்ந்திருப்பான் என்பார்.

“நிக்கிறவன் ஒருத்தனும் இல்லையா?” என்று ஒருமுறை கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

இப்போது இவர்களும் பெர்த்துக்குக் குடிபோகிறார்கள். அதற்கு அந்த நாட்டுச் சட்டப்படி முக்கால் பங்கு ஐரோப்பிய ரத்தம் வேண்டுமாம். ரத்தத்தை யார் குத்திப் பார்க்கிறார்கள்? முகத்தைத்தான் பார்ப்பார்கள். மொந்தேரோவும் மனைவியும் இரண்டு பையன்களும் பால் விட்ட தேத்தண்ணீர். பிலோமினா மட்டும் பால் விடாத கோப்பி ஓ.

படங்களைப் பார்த்து ஐந்து பேருக்கும் சரியென்று கடிதம் வந்தது. நேற்று விசா ஆபீசுக்கு நேரில் கூப்பிட்டார்கள். அதிகாரி படத்தைப் பார்த்தார், பிலோமினாவைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

“இந்தப் பெண் தாராளமாக வரலாம். போய் இவளைக் கூட்டி வாருங்கள்” என்றாராம்.

நான்கு பேருக்கு முத்திரை விழுந்தது. சனிக்கிழமை கப்பல்.

“மிஸ்டர் கஃபார், விளக்கு வெளிச்சம் கூடிப்போச்சுன்னு ஒரு லெட்டர் எழுதுங்க. நெகட்டிவையும் குடுங்க, மத்தியானத்துக்குள்ள காட்டணும். நெகட்டிவ் பொய் சொல்லாதுல்ல!” என்றார் மொந்தேரோ, அவருக்குத் தெரிந்த ஒரே மொழியான ஆங்கிலத்தில். நெகட்டிவில் யாராவது கை வைத்திருந்தால் ஐந்து பேரின் தாளும் ரத்து என்று அதிகாரி சொன்னதையும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அவர் நடிக்கவில்லை. பென்சில் பிடிக்கச் சொல்லி அவர் என்னிடம் கேட்கவுமில்லை, காசு தரவுமில்லை.

நானாகச் செய்தது. கிறிஸ்துமஸுக்குச் சூஜி கேக் சுடும்போது பாய்க்கென்று பிராந்தி சேர்க்காமல் தனியாக ஒரு துண்டு சுட்டுக்கொண்டு வருகிற பிள்ளை. எனக்குத் தெரிந்த ஒரே நல்லதை அவளுக்குச் செய்தேன்.

சும்மா கொடுக்காதே, வாங்குகிறவனுக்கு நஷ்டம் என்பார் என் வாப்பா. மார்க்கெட் ஸ்திரீட்டில் துணி விற்றவர். வாழ்நாளில் நான் சும்மா செய்த ஒரே வேலை அது.

இழுப்பறையில் கை வைத்தேன். நெகட்டிவ் அங்கேதான் இருந்தது, கன்னம் முழுக்கப் பென்சிலோடு. அழித்துக் கொடுத்தால் படத்தோடு ஒத்துவராது. அழிக்காமல் கொடுத்தால் குருடனுக்கும் தெரியும்.

பிலோமினா நோரிஸ் ரோட்டுத் தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவள். அப்பாவுக்குப் புரியாத தமிழில், என் கையைப் பார்த்தபடி சொன்னாள்:

“குடுக்காதீங்க பாய். கெட்டுப்போச்சுன்னு சொல்லுங்க. நாலு பேராச்சும் போகட்டும்லா.”

“என்ன சொல்றா?” என்றார் மொந்தேரோ.

நெகட்டிவ் மழை ஈரத்தில் ஒட்டிப் பாழாகிவிட்டது என்றேன். பிறகு, “அங்க குளிராம். வர மாட்டாளாம்” என்றேன்.

அவர் மகளின் முகத்தைப் பார்த்தார்.

“பிடிவாதம். அப்படியே எங்கம்மா.”

அந்த அம்மாவின் படம் மட்டும் அவர் வீட்டுச் சுவரில் கிடையாது. இருந்திருந்தால் அதற்கும் கண்ணாடிச் சட்டம் போட்டவன் நானாகத்தான் இருப்பேன்.

திரைஷா வண்டி பிடிக்க அவர் தெருவுக்கு இறங்கினார். பிலோமினா நகரவில்லை.

“படம் வாங்க வந்த அன்னைக்கே பார்த்தேன் பாய். பப்பாதான் மூணு வெள்ளி குடுத்து என்னை வெள்ளையாக்கச் சொல்லியிருக்கார்னு நெனச்சேன்.” தெருப் பக்கம் பார்த்தாள். “நானும் வரணும்னு அவ்வளவு ஆசைப்பட்டாரேன்னு ராத்திரி முழுக்கத் தூங்கல.”

தெருவில் திரைஷா மணி கேட்டது.

“அவர் கேக்கவே இல்லல்ல?”

பேரத்தில் ஒருநாளும் பதில் தேடி நின்றவனில்லை நான். “யார் சொன்னது? அதிகாரி காதுக்குப் போயிடக் கூடாதுன்னு இங்கேயும் நடிக்கிறார் மனுஷன். இரு, கணக்கிலேயே காட்டறேன்” என்றேன்.

அலமாரிப் பக்கம் திரும்பி நின்று பேரேட்டைத் தேடுவதுபோல் தேடினேன். அந்தத் தேதியைப் பிரித்தேன். மொந்தேரோ பெயருக்குக் கீழே ஒரு வரிக்கு இடமிருந்தது. சட்டைப்பையிலிருந்து மூன்று வெள்ளியை எடுத்துக் கல்லாவில் போட்டேன். என்ன இருந்தாலும் கணக்கு கணக்கு.

பேரேட்டை மேசைமேல் திருப்பி வைத்தேன்.

அவள் அந்த வரியின் மேல் மெதுவாக விரலை ஓட்டினாள். விரலைத் திருப்பி ஒருமுறை பார்த்தாள். பிறகு அதை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

“சரியா இருக்கு பாய்” என்றாள்.

அவள் போன பிறகு வரியைப் பார்த்தேன். காயாத நீல மை கலைந்து இழுபட்டிருந்தாலும் எழுத்து தெரிந்தது.

பென்சில் வேலை, பிலோமினா, மூன்று வெள்ளி. வரவு: தகப்பனார். பாக்கி இல்லை.