ஓரத்தில் வெட்டுள்ள நாப்

கராமா கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடைக்குள் விளக்குகள் பளீரென்று எரிகின்றன. கண் தெரியாத ஜுபைதா இடுக்கிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திறந்து மூடிப் பார்க்கிறாள். அவளை யாராவது வேடிக்கை பார்க்கிறார்களா என்று முறைத்தபடி, ஜிப்பாப் பையில் கையை விட்டுக்கொண்டு நிற்கிறார் புருஷன் கலீலுர் ரஹ்மான். “எடையை வாய்விட்டுச் சொல்லும், பேசுற தராசு வந்திருக்கு மாமி,” என்கிறார் கடைக்காரர் சாகிர். “வேணாம் தம்பி, பேசுறதுக்கு வீட்டுல ஒருத்தர் இருக்காரு. அடுப்புல திருகுற நாப் இருக்கா? எங்க ஒத்த அடுப்போட நாப் கழண்டு எங்கேயோ விழுந்துடுச்சாம். மூணு மாசமாப் பார்சல் சோறுதான். இவரும் தேடாத இடமில்ல, பாவம்.” சாகிர் ஒரு டப்பா நாப்களைக் கண்ணாடி மேசையில் கொட்டுகிறார். தடவித் தடவி ஒதுக்குகிறாள் அவள். “எங்களுதுல ஓரத்துல ஒரு வெட்டு இருக்கும். அதை வச்சுத்தான் தீ பெருசா சிறுசான்னு எனக்குத் தெரியும்.” பைக்குள் கலீலின் பெருவிரல் அந்த வெட்டின் மேல்தான் இருக்கிறது. அவள் கையைச் சுட்டுக்கொண்ட அன்று அவரே கழற்றியது. காது மடல் எரிகிறது அவருக்கு. சத்தமில்லாமல் எடுத்து மற்றவற்றோடு வைக்கிறார். அவள் விரல் அதைத் தொட்டதும் நிற்கிறது. அவருடைய உடம்புச் சூடு அதில் இன்னும் ஆறியிருக்காது. “அது நம்ம கடைச் சரக்கு இல்லையே மாமி,” என்கிறார் சாகிர். அவள் அதைத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுக்கிறாள்.

“தெரியும் தம்பி. இடுக்கிக்கு மட்டும் பில்லு போடு.”