செம்மண்ணில் ஒரு தடம்

செம்மண் ஆடுகளத்தில் எக்கார்ட் அடித்த பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று காட்டும் தடத்தை, ஓய்வுபெற்ற டென்னிஸ் வீரர் டெட்லெஃப் மறுபடியும் ஷூவால் தேய்த்து அழித்தார்.

“ஜெர்மனி முழுக்கப் பேர் வாங்கின மனுஷன், என் வீட்டுக்காரர்கிட்டயா கள்ளாட்டம் ஆடணும்?” என்று பொருமினாள் வில்ட்ரூட்.

ஆனால் ஜெயித்தது அவள் கணவர் எக்கார்ட்தான். அவர் குளிக்கப் போனதும் டெட்லெஃப்பை மடக்கினாள்.

“எதுக்குங்க தடத்தை அழிச்சீங்க?”

“எல்லாம் வெளியே விழுந்த பந்துங்க. உள்ளேன்னு சொல்லி அவனுக்குப் பாயின்ட் குடுத்தேன்.”

“அப்படி என்ன திடீர்க் கரிசனம்?”

அவர் குரல் இறங்கியது.

“பதினெட்டு வயசுல, கடைசிப் பாயின்ட்ல அவனை ஜெயிச்சுத்தான் நான் பெரிய ஆட்டக்காரன் ஆனேன். அன்னிக்கு நான் அழிச்ச அவன் பந்தோட தடம், கோட்டுக்கு உள்ளே இருந்துச்சு.”