மக்கர் பண்ணும் பை

"டேய் மச்சான், அந்தப் பையை மட்டும் நீ எடுத்தேன்னா, இந்தத் தடவை நான் தனியாத்தான் கிளம்புவேன். சொல்லிட்டேன்!"

அத்தான் போட்ட சத்தம் சைக்கிள் கடை முழுக்கக் கேட்டது.

மச்சான் அசரவில்லை. ஹேண்டில்பாரில் மாட்டுகிற பைகளிலேயே மட்டமான ஒன்றை எடுத்து, பூனைக்குட்டி மாதிரி தடவிக்கொண்டிருந்தார்.

கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. சைக்கிளில் நெடுந்தூரம் போகிறவர்களுக்குப் பை மாட்டிவிட்டே தலை நரைத்தவர் அவர்.

"சார், இதைப் பாருங்க. மூடியில காந்தம் இருக்கு. ஓட்டிக்கிட்டே ஒத்தைக் கையால திறக்கலாம். பிஸ்கட் எடுக்கலாம், கேமரா எடுக்கலாம். ஒரு தட்டு தட்டினா தானா மூடிக்கும்."

மச்சான் திறந்தார். மூடினார். முகத்தைச் சுளித்தார்.

"ரொம்ப ஈசியா திறக்குதே!"

"அதுக்குத்தானே சார் வாங்குறாங்க?"

"எனக்கு வேணாங்க."

"அப்போ இந்த ஜிப் வச்சது?"

"இதுவும் வழுக்கிக்கிட்டு வருது."

இப்படியும் ஒரு பிறவியா என்று பார்த்தார் கடைக்காரர். மச்சான் விடாப்பிடியாக வைத்திருந்த பைக்கு இரண்டு பட்டை, இரண்டு பக்கிள். சைக்கிளை நிறுத்தி, இறங்கி, இரண்டு கையாலும் மல்லுக்கட்டினால்தான் வாயைத் திறக்கும். வாங்கிப் போனவர்கள் எல்லாம் மறுவாரமே திட்டிக்கொண்டு திருப்பிக் கொடுத்த சரக்கு.

"இந்தப் பக்கிள் நாளாக நாளாக இளகிடுமா?" என்று கவலையோடு கேட்டார் மச்சான்.

"இளகாதுங்க. அதுதான் அதுல பிரச்சினையே!"

"அப்பாடா."

அத்தான் தலையில் அடித்துக்கொண்டார். "என் பொண்டாட்டி கூடப் பிறந்தவனாச்சேன்னு பார்க்கிறேன். போன பயணத்துல மலை உச்சி வரைக்கும் நான் காலைத் தரையில வைக்கலை, தெரியுமாய்யா? இவன் ஒரு மிட்டாய் எடுக்கிறதுக்கு நான் நடுமேட்டுல நிக்கணுமா?"

"எனக்காகக் கொஞ்சம் நிக்க மாட்டீங்களா அத்தான்?"

"நின்னு தொலைக்கிறேன். உன்னைப் பாதி வழியில விட்டுட்டு வந்தா உங்க அக்கா என்னை வீட்டுக்குள்ள விடுவாளா?"

முணுமுணுத்தபடியே தன் சைக்கிளுக்குக் காற்றடிக்க வெளியே போனார் அத்தான்.

கடைக்காரர் குனிந்து, குரலைத் தாழ்த்தினார். "சார், விக்கிற நானே சொல்றேன். இது வேணாம். வழி நெடுக அவர்கிட்ட வாங்கிக் கட்டிக்குவீங்க."

மச்சான் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"அத்தானுக்கு ஆறு மாசம் முன்னாடி நெஞ்சுல அடைப்பு எடுத்தாங்க. சைக்கிள் ஓட்டலாம், ஆனா அடிக்கடி நின்னு மூச்சு விட்டுக்கணும்னு டாக்டர் கண்டிச்சு சொல்லியிருக்காரு. நினைச்சாலே பயமா இருக்குங்க."

"அப்போ அவரே நின்னு நின்னு போக வேண்டியதுதானே?"

"அவரா? மூச்சு வாங்குதுன்னு உயிரே போனாலும் நிக்க மாட்டாருங்க. என்னைத் திட்டணும்னா, எந்த மேட்டுலயும் நிப்பாரு!"