இரு கரைகளின் வாக்குமூலம்

செவ்வாய்க் கிரகத்தில் வறண்டுபோன ஓர் ஆற்றின் வடகரையும் தென்கரையும், தண்ணீரை யார் அதிகம் குடித்தது என்ற சண்டையில் முந்நூறு கோடி வருஷமாக முகம்கொடுத்துப் பேசுவதில்லை. ஒருநாள் பூமியிலிருந்து ஓர் ஆய்வு வண்டி வந்து நடுவில் நின்றது. பஞ்சாயத்துக்கு ஆள் வந்துவிட்டது என்று இரண்டும் நினைத்தன.

"இங்கே எப்போதாவது தண்ணீர் ஓடியதா?" என்று கேட்டது வண்டி.

"என் பக்கம் ஒரு சொட்டுகூட வந்ததில்லைங்க" என்றது வடகரை.

"ஐயா, என் பக்கம் ஈரமே பட்டதில்லை" என்றது தென்கரை.

"என்னைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க" என்று கீழேயிருந்து கெஞ்சியது, அந்த ஆற்றில் உருண்டு உருண்டே வழுவழுப்பான ஒரு கூழாங்கல்.

'இருதரப்பும் ஒத்துக்கொண்டபடி, இங்கே தண்ணீர் ஓடியதே இல்லை' என்று எழுதிக்கொண்ட வண்டி, கூழாங்கல்லின் மேலேயே சக்கரத்தை ஏற்றிக்கொண்டு போனது.